இடக்கைக்கு ஒரு பென்சில்

ஆகஸ்ட் 26, திங்கள்

இது இடக்கை. இன்று இவ்வளவுதான் முடிந்தது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நேற்று அந்த ஒரு வரிக்குப் பத்து நிமிடம் ஆனது. பெனிட்டாவின் உத்தரவு இது. கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண். "அக்கா, தினமும் இடது கையால அரைப் பக்கம் எழுதணும். என்ன வேணும்னாலும் எழுதுங்க. என்னையத் திட்டிக்கூட எழுதுங்க" என்றாள். திட்டத்தான் நினைத்தேன். பாவம், சின்னப் பெண், விட்டுவிட்டேன்.

ஜூலையில் குற்றாலம் போனோம். பாறையில் பாசி. வழுக்கி வலக்கையின் மேல் மொத்தமாக விழுந்தேன். மேல்கை எலும்பு முறிந்தது, அது கூடிவிட்டது. எலும்பை ஒட்டிப் போகிற நரம்பு நசுங்கிவிட்டதாம். மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை, தொங்கிக்கொண்டே இருக்கிறது. மூன்று மாதம் ஆகலாம், நான்கு மாதம் ஆகலாம் என்றார்கள். தற்காலிகம்தான்.

மிச்சத்தை நாளை எழுதுகிறேன். விரல் வலிக்கிறது.

ஆகஸ்ட் 28, புதன்

மிச்சம் இதுதான். ஞானதுரை சார் பொதிகை மலைச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். தொண்ணூற்றாறு செடிகள், செடிக்கு ஒரு முழுப்பக்கப் படம். வண்ணம் கிடையாது, மை கிடையாது, பென்சில் மட்டும். அது சாரின் பிடிவாதம். படம் வரைவது நான். ஐந்து வருடமாக வரைகிறேன். தொண்ணூற்றொன்று முடிந்துவிட்டது. ஐந்து பாக்கி. தீபாவளிக்கு முன் எல்லாம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

தொண்ணூற்றொன்று வரைந்தவள் ஐந்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுப்பேனா? மாட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பேனா சரிப்படாது. இடக்கை போகிற வழியில்தான் ஈர மையும் இருக்கிறது. எழுதி முடித்தபோது உள்ளங்கை முழுக்க நீலம். "சுவத்தில கைய வச்சிராதளா" என்று என் வீட்டுக்காரர் இசக்கியப்பன் சிரிக்கிறார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்தவர். ஓய்வுபெற்றபின் அவருக்குக் கிடைத்த ஒரே பஸ் நான்தான்.

என்னுடைய பழைய பென்சில்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் 2ஹெச். கடினமான முனை, மெல்லிய கோடு. வலக்கைக்கு அதுதான் பழக்கம். இடக்கைக்கு அழுத்தத்தின் அளவு தெரியவில்லை. கோடு போடச் சொன்னால் பள்ளம் தோண்டுகிறது. இரண்டு தாள் கிழிந்தது. சரி, 2பி எடுத்தேன். மென்மையான முனை. கோடு அழகாக வந்தது, அடுத்த நொடி என் உள்ளங்கையே அதைத் தேய்த்து ஈயப் பாத்திரம் துடைத்த துணியாக்கிவிட்டது.

ஆக, இந்தக் கைக்கு வேறு பென்சில் வேண்டும்.

செப்டம்பர் 2, திங்கள்

மார்க்கெட் பக்கம் காஜா பாய் கடைக்குப் போனோம். இருபது வருடமாக என்னைப் பார்க்கிறவர். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நான் பென்சில் வாங்கினால் சீக்கிரத்தில் எழுந்திருக்க மாட்டேன். முதலில் அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். கரி மரத்துக்கு நட்டநடுவில் இருக்க வேண்டும். ஓரமாக இருந்தால் சீவும்போது ஒரு பக்கம் மரமும் ஒரு பக்கம் கரியுமாக வந்து நிற்கும். அப்புறம் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்ப்பேன். தள்ளாடினால் மரம் வளைந்திருக்கிறது, வேண்டாம். ஒன்றைச் சீவிப் பார்க்க அனுமதி கேட்பேன். நல்ல மரம் நாடா நாடாவாகச் சுருண்டு வரும். மட்டமான மரம் பொடிப்பொடியாக உதிரும், கரியையும் சேர்த்து உடைக்கும்.

"என்னக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்கியோ" என்றார் பாய்.

"பொண்ணுன்னா ஒருக்கா பாத்தாப் போதும் பாய். இத தினமும் கையில பிடிக்கணும்லா" என்றேன்.

மூன்று பட்டைப் பென்சில் ஒன்று காட்டினார், குழந்தைகளுக்கானது. இடக்கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் வரையும்போது விரலுக்குள் பென்சிலை மெல்ல உருட்டிக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் முனை ஒரே சீராகத் தேயும். மூன்று பட்டை உருளாது. உருண்டையானது மேசையிலிருந்து உருண்டு விழும், விழுந்தால் உள்ளே கரி துண்டு துண்டாகிவிடும், வெளியே தெரியவும் தெரியாது. ஆறு பட்டைதான் சரி. அதிலும் பளபள வண்ணம் வேண்டாம், வியர்வையில் வழுக்குகிறது. ஹெச்பி நான்கு, ஹெச் நான்கு வாங்கினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஹெச் கீறுகிறது. ஹெச்பி இழுகுகிறது. இரண்டுமே ஆகவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

சார் வந்தார். தேங்காய் பன் வாங்கி வந்தார், அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பன்னைத் தின்றுகொண்டிருக்கும்போது விஷயத்துக்கு வந்தார்.

"ஏம்மா வடிவு, மெட்ராஸ்ல ஒரு பொண்ணு இருக்கா. உங்க படத்த எல்லாம் பாத்திருக்கா. அதே மாதிரி வரைஞ்சு தாரேங்கா. அஞ்சுதான பாக்கி…"

"யார் சார் கேட்டா?"

"யாரும் கேக்கல. உங்களுக்குச் சிரமம்னு…"

"சிரமம்னு நான் சொன்னேனா?"

சார் பன்னைப் பார்த்தார். மாத முடிவுக்குள் ஒரு படம் காட்டுங்கள், அதைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றார். அவர் போனபிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பயமும்தான். அந்தப் பெண் நன்றாகவே வரைவாளாம்.

செப்டம்பர் 14, சனி

கிடைத்துவிட்டது!

காஜா பாய் போன் செய்து வரச் சொன்னார். மேல் அலமாரியில் தூசியோடு ஒரு பெட்டி. பன்னிரண்டு பென்சில், எல்லாம் எஃப். ஹெச்சுக்கும் ஹெச்பிக்கும் நடுவில் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் ஒரு நாளும் வாங்கியதில்லை. யாரும் வாங்க மாட்டார்கள். எழுதுகிறவர்கள் ஹெச்பி கேட்பார்கள், வரைகிறவர்கள் பி கேட்பார்கள், பிளான் போடுகிறவர்கள் ஹெச் கேட்பார்கள். இதை யார் கேட்பார்கள்?

கடையிலேயே ஒன்றைச் சீவினோம். நாடா சுருண்டு விழுந்தது, நல்ல மர வாசனை. கரி நடுவில். ஒரு கோடு போட்டேன். பள்ளமும் இல்லை, இழுகலும் இல்லை. கோடு கோடாக நின்றது. அழுகை வந்துவிட்டது, பாய்க்குத் தெரியாமல் தும்மினேன்.

இன்றிலிருந்து படம் வலப்பக்க ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாகப் போகிறது. அப்போதுதான் உள்ளங்கை வரைந்த இடத்தில் படாது. தலைகீழ் வேலைதான். பழகிக்கொள்வேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

தொண்ணூற்றிரண்டாவது படம் முடிந்தது. ஒரு இலைக்கு ஒரு நாள். சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கோடு கொஞ்சம் நடுங்குது" என்றார். "ஆனா இலை இலையா இருக்கு" என்றார். மெட்ராஸ் பெண்ணைப் பற்றிப் பேச்சில்லை. வீட்டுக்காரர் சாயங்காலம் அல்வா வாங்கி வந்தார்.

செப்டம்பர் 30, திங்கள்

டாக்டரிடம் போனோம். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். வரும் வழியில் மழை வரும் போல இருந்தது, வரவில்லை. ரசம் வைத்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

பெனிட்டா இனி வலக்கைக்கு அரை மணி, இடக்கைக்கு ஒரு மணி என்று நேரத்தை மாற்றிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. தொண்ணூற்று மூன்று முடிந்தது.

அக்டோபர் 9, புதன்

தொண்ணூற்று நான்கும் முடிந்தது. சார் ஈரச் செய்தித்தாளில் சுற்றி அடுத்ததைக் கொண்டுவந்தார். காட்டுவள்ளி. மலையில் கிழங்குக்காகத் தோண்டுவார்களே, அந்தக் கொடி. ஒரு குச்சியைச் சுற்றி ஏறியிருப்பதைக் குச்சியோடு வெட்டி வந்திருக்கிறார். தண்ணீர்ப் பாட்டிலில் வைத்திருக்கிறேன். நான்கு நாள் தாங்கும், அதற்குள் வரைந்தாக வேண்டும்.

புத்தகத்தில் காட்டுவள்ளி மொத்தம் நான்கு வகை. மூன்றை முன்பே வரைந்துவிட்டேன். அதில் நாற்பத்தொன்றாம் படம்தான் அட்டைக்குப் போகிறது. என் வலக்கை வரைந்ததிலேயே அதுதான் உயர்த்தி. கர்வமாகச் சொல்லவில்லை. கர்வமாகத்தான் சொல்கிறேன், என்ன இப்போது?

அக்டோபர் 10, வியாழன்

நாசமாய்ப் போன நாள். இடக்கை கொடியைத் தப்பாகச் சுற்றுகிறது.

கொடி குச்சியில் ஏறும்போது முன்பக்கம் தெரிகிற துண்டு சாய்வாகப் போகும், இல்லையா. இடப்பக்கக் கீழிருந்து வலப்பக்க மேலுக்கு. என் கொடிகள் எல்லாம் அப்படித்தான் ஏறும். இந்தக் கை அதை வலப்பக்கக் கீழிருந்து இடப்பக்க மேலுக்கு இழுக்கிறது, அதற்கு அதுதான் சௌகரியம். அழித்துச் சரிசெய்தேன். அடுத்த சுற்றிலும் அதே கதை. மூன்றாம் முறை அழித்ததில் தாள் நார்நாராகிவிட்டது. புதுத் தாள் எடுத்தேன், மறுபடியும் அதே. பென்சிலைத் தூக்கி எறிந்தேன். உள்ளே கரி உடைந்துவிட்டது, சீவச் சீவ முனை கையோடு வருகிறது.

"நீங்க சீவுத லெட்சணம் அப்படி" என்று பென்சில் சீவித் தருகிற வீட்டுக்காரரைத் திட்டினேன்.

"எறிஞ்சது நீ, ஏச்சு எனக்கா?" என்றார். நியாயம்தான். சொல்லவில்லை.

அதற்கு மேல் ஒரு கொடுமை, நாளைக்கு சரஸ்வதி பூஜை. பென்சில், ரப்பர், தாள், முடிந்த படங்களின் நகல் ஃபைல், இந்த நோட்டு எல்லாவற்றையும் பூஜைக்கு எடுத்து வைக்கிறார். ஒரு நாள் போச்சு. கொடி வாடுகிறதே ஐயா!

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

நேற்றைய கதையை இன்றுதான் எழுத முடிகிறது. நிறைய எழுத வேண்டும், கை வலித்தால் வலிக்கட்டும்.

பூஜை முடிந்து பென்சில்களுக்கெல்லாம் குங்குமம் வைத்தாயிற்று. சுண்டலும் ஆயிற்று. எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது, வரையவும் கூடாது. மீறி வரைந்துவிடலாமா என்று நினைத்தேன். பயம். இருக்கிற ஒரு கையும் போய்விட்டால்? எனவே பாட்டில் முன்னால் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். செடிக்கு முன்னால் கையில் ஒன்றும் இல்லாமல் நான் உட்கார்ந்ததே கிடையாது.

பொழுது போகாமல் ஒரு விரலைக் கொடியின் மேல் வைத்து அடியிலிருந்து மேலே கொண்டுபோனேன். வலப்பக்கக் கீழ். இடப்பக்க மேல். எனக்குச் சுருக்கென்றது. மறுபடி வைத்தேன். பாட்டிலைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படித்தான் ஏறுகிறது. இடக்கை போட்டது சரி. நான்தான் மூன்று முறை அழித்துத் தப்பாக்கியிருக்கிறேன்.

வேலிக்கு ஓடினேன். சங்குப்பூக் கொடியைப் பார்த்தேன், பக்கத்து வீட்டு அவரையைப் பார்த்தேன். இரண்டும் மற்றப் பக்கம், நான் எப்போதும் வரைகிற பக்கம். பெரும்பாலான கொடி அப்படித்தான். இது அப்படி இல்லை.

அப்போதுதான் முன்பே வரைந்த மூன்று காட்டுவள்ளிகளும் ஞாபகம் வந்தன. பூஜையிலிருந்து நகல் ஃபைலை உருவினேன்.

"ஏ, இன்னைக்கி அதத் தொடாத!" என்று அவர் கத்தினார்.

"படிக்கலங்க. படம் பாக்கேன்."

மூன்றிலும் கொடி ஒரே பக்கமாகத்தான் ஏறுகிறது. வலக்கைக்குச் சௌகரியமான பக்கம். எதிர்ப்பக்கத்தில் சார் எழுதிய குறிப்பு இருக்கிறது. அது எழுத்து, பார்த்தால் படித்ததாகிவிடும். ஃபைலை மூடி வைத்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இன்று விடிந்ததும் அவர் பூஜை செய்து எடுத்துக் கொடுத்தார். படித்தேன். ஒன்றுக்கு வலஞ்சுழி என்று எழுதியிருக்கிறது, நான் வரைந்த பக்கம்தான், அது சரி. மற்ற இரண்டுக்கும் இடஞ்சுழி, பாட்டிலில் இருக்கிற கொடி ஏறுகிற பக்கம். அந்த இரண்டில் ஒன்று நாற்பத்தொன்று.

ஐந்து வருடமாக எதிரெதிர்ப் பக்கத்தில் அவர் எழுத்து ஒன்று சொல்கிறது, என் படம் வேறொன்று சொல்கிறது. இடக்கை கெட்டிக்காரி என்றும் சொல்ல மாட்டேன். அது தனக்கு வசதியானதை இழுத்தது, செடி அதற்குப் பொருந்திவிட்டது. வலக்கையும் வசதியானதைத்தான் இழுத்தது. பார்க்க வேண்டியவள் நான்தான், நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நான் சொன்னால் ஐந்து ஏழாகும், நாளும் கிடையாது, சார் மெட்ராஸுக்குப் போன் போடுவார். சொல்லாமல் விட்டால் மிச்சம் இரண்டே படம். இதை எழுதும்போது கொடியின் ஓர் இலை மேசையில் உதிர்ந்தது. முதலில் இதை வரைந்து முடிக்கிறேன்.

அக்டோபர் 14, திங்கள்

கொடி வாடுவதற்குள் தொண்ணூற்றைந்தை முடித்துவிட்டேன். எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். "நான் எழுதினதுக்கு எதுத்த பக்கத்துலதானம்மா இருக்கு. அஞ்சு வருசமா நானும்ல பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். பிறகு கோபம் வந்தது. "இத இப்பம் வந்து சொல்லுதீங்களே! பதினஞ்சு நாள்கூட இல்லை!"

"இப்பதான் சார் பாத்தேன்."

"அந்த ரெண்டையும் மெட்ராஸுக்கு அனுப்பிரட்டுமா?"

"இருபத்தெட்டாந்தேதி வரைக்கும் பொறுங்க. அன்னைக்கிக் காலைல மூணு படமும் உங்க மேசைல இல்லைன்னா அனுப்புங்க. நானே பார்சல் கட்டித் தாரேன்."

"ஒத்தக் கையாலயா?" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமா சார், ஒத்தக் கையாலதான்" என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

சார் மலைக்கு ஆள் அனுப்பி இரண்டு கொடியும் வரவழைத்துவிட்டார். வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 21, திங்கள்

முதலில் விரலால் ஏறுகிறேன், மூன்று தடவை. அப்புறம்தான் பென்சில். வீட்டுக்காரர் இப்போது பிளேடால் நன்றாகவே சீவுகிறார், முனை நீளமாக, ஒரே சீராக. அவரிடமே சொன்னேன். சந்தோஷத்தில் எட்டு பென்சிலைச் சீவித் தள்ளிவிட்டார். இருப்பதே ஒன்பது.

அக்டோபர் 25, வெள்ளி

முறுக்கு சுடவில்லை. கடையில் வாங்கச் சொல்லிவிட்டேன். நாற்பத்தொன்றில் கடைசி இலை.

அக்டோபர் 28, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு மூன்று படமும் சார் மேசையில். தொண்ணூற்றாறும் ஆயிற்று.

அக்டோபர் 29, செவ்வாய்

சார் வீட்டுக்கு வந்தார். கையில் பழைய நாற்பத்தொன்றின் அசல். பதிப்பகத்தாரிடம் இரண்டையும் காட்டினாராம்.

"உள்ள புதுப் படமே போகட்டும்ங்காங்க. அட்டைக்கு மட்டும் பழச வச்சுக்கலாமாம். அட்டைல யாரும்மா சுழி பாக்கப் போறா? புதுசுல கோடு நடுங்குது. இது… நீங்களே பாருங்க."

பார்த்தேன். இலையின் நரம்பு ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் போட்டது. எங்கும் ஒரு தயக்கம் கிடையாது. நடுவில் கொடி தப்பான பக்கமாக அவ்வளவு அழகாக ஏறுகிறது. எனக்கு அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"சட்டம் போட்டு நம்ம வீட்லயாவது மாட்டுவோம்ளா" என்றார் என் வீட்டுக்காரர்.

டிப்போக் கணக்கு எழுதிய இவருடைய பழைய பேனா மேசையில் கிடந்தது. எடுத்தேன். மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தேன். கீழே 'பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் "ஐயோ" என்று எழுந்துவிட்டார். இவர் என் முதுகில் கை வைத்தார்.

அதற்குப் பிறகு அழுதேன், இரண்டு பேர் முன்னாலும், சத்தம் போட்டே அழுதேன். அந்தக் கை இனிமேல் அப்படி ஒரு கோடு போடாது. நரம்பு வராது என்று டாக்டர் செப்டம்பர் முப்பதாம் தேதியே சொல்லிவிட்டார். அன்றைக்கு இந்த நோட்டில் ரசம் வைத்ததை எழுதினேன்.

அட்டைக்குப் புதுப் படம்தான் போகிறது. கோடு நடுங்குகிறது. கொடி சரியாக ஏறுகிறது.